லத்தீனோ மாணவர்களும் கல்லூரிப் பட்டமும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கலிபோர்னியாவிலோ டெக்சஸிலோ ஏதாவதோர் அரசுப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவுக்குப் போய் மேல்வரிசையில் உட்கார்ந்தால் மாணவர்களின் முகம் தெரியாது, தொப்பிகள்தான் தெரியும். அந்தச் சதுரத் தொப்பியின் மேல் காகிதப் பூ ஒட்டி, ஜிகினாத் தூள் தூவி, அம்மா அப்பாவுக்கு ஸ்பானிஷில் நன்றி எழுதி வைத்திருப்பார்கள். சிலர் தோளில் மெக்சிகோ நெசவின் பலவண்ணக் கோடு போட்ட துண்டு. ஒரு பெயரைக் கூப்பிட்டதும் பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒரு குடும்பமே எழுந்து நின்று கத்தும்.

அந்த மைதானத்துக்கு வராதவர்களைப் பற்றியது இந்த வழிகாட்டி. அதே ஆசையோடு கல்லூரியில் பெயர் பதிந்து, நடுவில் எங்கோ காணாமல் போனவர்கள். அவர்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாய்க்காலில் தண்ணீர் வரத்துக்குக் குறைவில்லை, அது கடைமடைக்கு வந்து சேர்வதில்தான் சிக்கல். உடைப்பு எங்கெங்கே என்று கரையோரமாக நடந்து பார்ப்போம்.

படி 1: யாரை எண்ணுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்க அரசின் கணக்கில் ‘ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ’ என்பது நிறத்தையோ இனத்தையோ குறிக்கும் பிரிவு அல்ல. 1977-ல் ஒன்றிய அரசு வகுத்த இலக்கணப்படி, ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்தவர் யாராக இருந்தாலும் அதில் அடங்குவார். வெள்ளையராக இருந்துகொண்டே லத்தீனோவாக இருக்கலாம், கறுப்பராகவும் இருக்கலாம். 1980 கணக்கெடுப்பு முதல் எல்லா வீடுகளிலும் ‘நீங்கள் லத்தீனோவா’ என்ற கேள்வி தனியாகக் கேட்கப்பட்டது. இனத்தைப் பற்றிய கேள்வியோடு இதைச் சேர்த்து ஒன்றாகக் கேட்க வேண்டும் என்று 2024 மார்ச்சில் விதி மாறியது. 2020 கணக்கெடுப்பின்படி இவர்கள் 6 கோடியே 21 லட்சம் பேர், மக்கள்தொகையில் 18.7 சதவீதம். ஏறத்தாழ பத்தில் ஆறு பேர் மெக்சிகோ வழியினர்.

மீதி நாலு பேரைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். வெனிசுவேலாவிலிருந்து வந்த பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பட்டதாரிகள். குவாதமாலா, எல் சால்வடார் வழியினரிடம் இது பத்தில் ஒருவரைச் சற்றே தாண்டும். அறிவில் வித்தியாசம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வெனிசுவேலாவின் காரக்காஸிலிருந்து விமானம் ஏறியவர் பெரும்பாலும் ஏற்கெனவே படித்தவர். குவாதமாலாவின் மலைக்கிராமத்திலிருந்து தரைவழியாக வந்தவருக்கு வீட்டு மொழி மாயா மொழிகளில் ஒன்றாக இருக்கக்கூடும். ஸ்பானிஷே அவருக்கு இரண்டாம் மொழி. புவர்ட்டோ ரிக்கோக்காரர்களோ 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள், குடியேற்றச் சிக்கலே அவர்களுக்குக் கிடையாது. இத்தனை பேரையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கினால் வருவதுதான் ‘லத்தீனோ சராசரி’. அதைப் பயன்படுத்தாமல் இருக்க முடியாது. அதை மட்டும் நம்பவும் கூடாது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பல்கலைக்கழக அறிக்கைகளில் ‘லத்தீன்எக்ஸ்’ என்ற பால்பொதுச் சொல்லைப் பார்க்கலாம். பியூ ஆய்வு மையம் 2019-ல் கேட்டபோது தம்மை அப்படிச் சொல்லிக்கொண்ட லத்தீனோக்கள் 3 சதவீதம்தான்.

படி 2: எந்தக் கணக்கு என்று கேளுங்கள்

பத்திரிகைகளில் வழக்கமாக வருவது இந்த எண்: 2022-ல் 25 வயதைத் தாண்டிய லத்தீனோக்களில் இளநிலைப் பட்டமோ அதற்கு மேலோ பெற்றவர்கள் 20.9 சதவீதம், லத்தீனோ அல்லாத வெள்ளையரில் 41.8 சதவீதம். சரிபாதி. பத்து ஆண்டுக்கு முன் லத்தீனோ எண் 14.5 ஆக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறவர்கள் குறைவு.

இந்த எண்ணுக்குள் ஒரு பொறி இருக்கிறது. மெக்சிகோவின் மிச்சோகானில் ஆறாம் வகுப்போடு நின்று, முப்பது வயதில் கலிபோர்னியாவுக்கு வந்து, இன்றைக்கு அறுபது வயதில் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவரும் இதில் இருக்கிறார். எந்த அமெரிக்கக் கல்லூரியும் அவரைக் கைவிடவில்லை. அவர் எதன் வாசலையும் மிதித்ததே இல்லை. இன்றைய கல்லூரிகள் எப்படி நடக்கின்றன என்று தெரிய வேண்டுமானால் 25 முதல் 29 வயதுக்காரர்களை மட்டும் பிரித்துப் பாருங்கள். 2022-ல் லத்தீனோக்களில் நான்கில் ஒருவர் பட்டதாரி. வெள்ளையரில் 45 சதவீதம். பெண்கள் ஆண்களை முந்திக்கொண்டு போகிறார்கள்.

இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். 2010-ல் நான்காண்டுக் கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்தவர்களில் ஆறு ஆண்டுக்குள் அதே கல்லூரியில் பட்டம் வாங்கியவர்கள்: லத்தீனோக்கள் 54 சதவீதம், வெள்ளையர் 64. இங்கே இடைவெளி பத்துப் புள்ளிதான். அங்கே இருபது, இங்கே பத்து. மீதிப் பத்து எங்கே போனது? நான்காண்டுக் கல்லூரியின் வாசலுக்கு வருவதற்கு முன்பே போய்விட்டது. அடுத்த இரண்டு படிகளும் அதைத் தேடித்தான்.

படி 3: பள்ளி வாசலைப் பார்த்துவிட்டு நகருங்கள்

ஒரு காலத்தில் பெரிய உடைப்பு இங்கேதான் இருந்தது. தெற்குக் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் மெக்சிகோக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிகள் நடந்தன. மெண்டெஸ் குடும்பமும் வேறு நான்கு குடும்பங்களும் வழக்குத் தொடுத்து, 1947-ல் மேல்முறையீட்டிலும் வென்றன. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற புகழ்பெற்ற பிரௌன் தீர்ப்புக்கு ஏழு ஆண்டு முன்பே. 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிகோ வழி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். ஆசிரியர் சால் காஸ்ட்ரோ அவர்கள் பக்கம் நின்றார். பையன்களைப் பட்டறைக்கும் பெண்களைத் தட்டச்சுக்கும் தள்ளாதீர்கள், கல்லூரிக்குத் தேவையான பாடங்களைக் கற்றுக்கொடுங்கள் என்பது அவர்கள் கேட்டவற்றில் ஒன்று.

அதே பகுதியின் கார்ஃபீல்ட் உயர்நிலைப் பள்ளியில் 1982-ல் 18 மாணவர்கள் கல்லூரி நிலைக் கால்குலஸ் தேர்வை எழுதித் தேறினார்கள். தேர்வு நடத்திய அமைப்பு 14 பேர் மீது காப்பியடித்ததாகச் சந்தேகப்பட்டது. அவர்களில் 12 பேர் மறுபடியும் உட்கார்ந்து எழுதி, பன்னிரண்டு பேரும் தேறினார்கள். பொலிவியாவிலிருந்து வந்த அவர்களுடைய ஆசிரியர் ஹைமே எஸ்கலாந்தேயைப் பற்றி 1988-ல் திரைப்படம் வந்தது. படத்தைப் பார்த்தால் ஒரு வாத்தியார் கொஞ்ச காலத்தில் செய்துகாட்டிய அதிசயம் போலத் தோன்றும். நிஜத்தில் அது பல ஆண்டு வேலை: கீழ் வகுப்புகளிலிருந்தே கணக்கை ஒழுங்காகச் சொல்லித்தந்து கட்டிய படிக்கட்டு. திரைப்படங்களுக்குப் படிக்கட்டு பிடிக்காது.

இன்று பள்ளி வாசல் எவ்வளவோ அகன்றுவிட்டது. 2000-ல் 16 முதல் 24 வயது லத்தீனோக்களில் நான்கில் ஒருவருக்கு மேல் பள்ளிப் படிப்பை முடிக்காமல் நின்றவர்கள்; 2021-ல் அது பத்தில் ஒருவருக்கும் கீழே வந்துவிட்டது. ஒரே தலைமுறையில் இவ்வளவு மாறியது சாதாரண விஷயமல்ல. ‘நாட்டமில்லை’ என்பவர்கள் இந்த எண்ணை எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை.

படி 4: கம்யூனிட்டி காலேஜைப் புரிந்துகொள்ளாமல் மேலே போகாதீர்கள்

நம் ஊர் ‘சமுதாயக் கல்லூரி’யை நினைத்துக் குழம்ப வேண்டாம், இது வேறு. அமெரிக்காவின் கம்யூனிட்டி காலேஜ் என்பது ஈராண்டு அரசுக் கல்லூரி. பள்ளியை முடித்த யாரும் சேரலாம், நுழைவுத் தேர்வு இல்லை. 60 கிரெடிட் (பாட அலகு) முடித்தால் அசோசியேட் பட்டம். அதை வைத்துக்கொண்டு நான்காண்டுக் கல்லூரிக்கு மாறி, மேலும் 60 கிரெடிட் படித்தால் இளநிலைப் பட்டம். காகிதத்தில் இது அழகான ஏற்பாடு. லத்தீனோ மாணவர்களில் மிகப் பெரும் பகுதியினர் தொடங்குவது இங்கேதான்.

கலிபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். 1960-ல் அந்த மாநிலம் உயர்கல்வியை மூன்று அடுக்காகப் பிரித்தது. பள்ளியில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம். முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலப் பல்கலைக்கழகம். மற்ற எல்லோருக்கும் கம்யூனிட்டி காலேஜ். இப்போது 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. 2012 முதல் ஒரு கிரெடிட்டுக்கு 46 டாலர்தான் கட்டணம். வருமானம் குறைந்த குடும்பமானால் அதுவும் தள்ளுபடி.

கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். அப்பா கட்டட வேலை, அம்மா விடுதியில் அறை சுத்தம் செய்கிறாள். வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் இவள்தான். நாம் ‘முதல் தலைமுறைப் பட்டதாரி’ என்று சான்றிதழே கொடுக்கிறோமே, அந்த வகை. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம், தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டிவரலாம், மாலையில் கடையில் நிற்கலாம். கம்யூனிட்டி காலேஜில் சேர்கிறாள். யார்தான் சேரமாட்டார்கள்?

முதல் நாளே ஒரு திறனறித் தேர்வு வைத்தார்கள், சில ஆண்டுகளுக்கு முன்புவரை. அதில் மதிப்பெண் குறைந்தால் ‘சீர்செய்யும்’ கணக்கு வகுப்பு. கட்டணம் உண்டு, நேரம் போகும், ஆனால் பட்டத்துக்கான கிரெடிட் கிடையாது. அதைத் தாண்டினால் இன்னொன்று. பள்ளியில் கற்ற பின்னத்தையே மூன்று செமஸ்டர் மறுபடி போட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் அலுப்பு வராது? கலிபோர்னியாவில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இந்தச் சேற்றில்தான் கால் வைத்தார்கள். 2017-ல் ஒரு மாநிலச் சட்டம் இதை மாற்றியது: பள்ளி மதிப்பெண்ணைப் பாருங்கள், நேராகக் கல்லூரி நிலை வகுப்பில் உட்கார வையுங்கள், உதவி தேவையானால் அந்த வகுப்போடு சேர்த்துக் கொடுங்கள். கல்லூரிக் கணக்கை முதல் ஆண்டிலேயே முடிப்பவர்கள் பெருகினார்கள். தடையாக இருந்தது மாணவியின் மூளை என்று அத்தனை ஆண்டும் நம்பிக்கொண்டிருந்தார்கள்!

அடுத்த உடைப்பு, என் கணக்கில் மிகப் பெரியது, கல்லூரி மாறும் இடம். கம்யூனிட்டி காலேஜில் சேர்பவர்களில் ஐந்தில் நால்வர் இளநிலைப் பட்டம் வரை போக வேண்டும் என்ற எண்ணத்தோடு சேர்கிறார்கள். நாடு முழுக்கப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கினர்தான் நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுகிறார்கள். ஆறு ஆண்டில் இளநிலைப் பட்டம் வாங்குவது சேர்ந்தவர்களில் சுமார் 16 சதவீதம். லத்தீனோக்களிடம் அது இன்னும் குறைவு. இங்கே படித்த உளவியல் பாடத்தை அந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும், இந்தப் பல்கலைக்கழகம் ஏற்காது; ஒரே பல்கலைக்கழகத்தின் இரண்டு வளாகங்களுக்கு இரண்டு விதமான பட்டியல். எதைப் படிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டிய ஆலோசகர் ஆயிரம் மாணவர்களுக்கு ஒருவராக இருப்பார். வீட்டில் கேட்கவும் ஆள் இல்லை. அப்படித்தான் 60 கிரெடிட்டுக்குப் பதில் 80, 90 கிரெடிட் சேர்த்துக்கொண்டு, பட்டம் மட்டும் இல்லாமல் நிற்பவர்கள் உருவாகிறார்கள். 2010-ல் கலிபோர்னியா ஒரு வழி கண்டுபிடித்தது: வரையறுத்த பாடத்திட்டத்தில் அசோசியேட் பட்டம் முடித்தால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் எங்காவது ஓர் இடம் நிச்சயம். ‘எங்காவது’ என்பதைக் கவனியுங்கள். வீட்டிலிருந்து 300 மைல் தள்ளி இடம் கிடைத்தால், தம்பியைக் கூட்டிவருவது யார்?

ஒரு சின்னக் கூட்டல்கழித்தலையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஒரு செமஸ்டரில் 12 கிரெடிட் எடுத்தால் உதவித்தொகை விதிப்படி அவர் முழுநேர மாணவர். இளநிலைப் பட்டத்துக்கு 120 வேண்டும். பத்து செமஸ்டர், அதாவது ஐந்து ஆண்டு, ஒரு பாடத்தில்கூடத் தவறாமல் படித்தால். கடையில் வேலை கூடி 6 கிரெடிட்டாகக் குறைத்துக்கொண்டால் பத்து ஆண்டு. அந்தப் பத்து ஆண்டுக்குள் ஒரு கல்யாணம், ஒரு சாவு, அப்பாவுக்கு ஒரு முதுகுவலி வராமலா இருக்கும்?

படி 5: பணம் எப்படி வருகிறது, எங்கே நிற்கிறது

உதவித்தொகைக்கு முக்கிய வாசல்: ஃபாஃப்ஸா என்று எல்லோரும் சொல்லும் ஒன்றிய அரசின் விண்ணப்பம். அதை நிரப்பினால் 1972-ல் சட்டமாகிய பெல் உதவித்தொகை கிடைக்கலாம். திருப்பித் தர வேண்டாத பணம். 2024–25-ல் அதிகபட்சம் 7,395 டாலர். கம்யூனிட்டி காலேஜ் கட்டணத்துக்கு அது தாராளம். வாடகைக்கும் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும்தான் போதாது. ஆனால் ‘படிப்புச் செலவு’ என்று வெளியாட்கள் நினைப்பது கட்டணத்தை மட்டுமே.

விண்ணப்பத்தில் பெற்றோரின் வருமானம் கேட்பார்கள். மாணவி அமெரிக்காவில் பிறந்தவள், உதவிக்கு முழு உரிமை உள்ளவள். ஆனால் அப்பாவுக்குக் குடியேற்றக் காகிதம் இல்லை, சமூகப் பாதுகாப்பு எண் இல்லை. அரசாங்கத்துக்கு வீட்டு முகவரியை எழுதிக்கொடுக்கக் கை நடுங்காதா? விண்ணப்பத்தை எளிமையாக்குகிறோம் என்று 2023 டிசம்பர் கடைசியில் புது வடிவம் வந்தபோது இன்னொரு கூத்து நடந்தது. அந்த எண் இல்லாத பெற்றோரால் இணையத்தில் உள்ளே நுழையவே முடியவில்லை. சரிசெய்ய மாதக்கணக்கானது. கல்லூரி எது என்று முடிவெடுக்க வேண்டிய மாதங்கள் அவை.

படி 6: காகிதம் இல்லாதவர்களைத் தனியாகப் படியுங்கள்

லத்தீனோ மாணவர்களில் பெரும்பான்மையினர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள். இதைச் சொல்லிவிட்டுத்தான் இந்தப் பகுதிக்கு வர வேண்டும். செய்திகளைப் பார்த்தால் தலைகீழாகத் தோன்றும்.

டெக்சஸின் டைலர் நகரில் எழுந்த பிளைலர் வழக்கில் 1982-ல் உச்ச நீதிமன்றம், காகிதம் இல்லாத குழந்தைகளுக்கும் அரசுப் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்றது. தீர்ப்பு பள்ளியோடு நின்றது. பன்னிரண்டாம் வகுப்பு வரை பிள்ளை, மறுநாள் அந்நியர். ஒன்றிய அரசின் உதவித்தொகை கிடையாது. 2001-ல் முதலில் டெக்சஸும், அடுத்துக் கலிபோர்னியாவும், எங்கள் மாநிலப் பள்ளியில் படித்தவர்களுக்கு உள்ளூர்க் கட்டணம்தான் என்று சட்டம் போட்டன. 2012 ஜூனில் ஒபாமா அரசு, சிறுவயதில் அழைத்துவரப்பட்டவர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பும் வேலை அனுமதியும் கொடுத்தது. டாகா என்பது அதன் பெயர். டெக்சஸின் சட்டம் 24 ஆண்டு நின்றது. 2025 ஜூன் 4 அன்று ஒன்றிய நீதித்துறை வழக்குப் போட்டது. மாநில அரசு எதிர்வாதம் செய்யாமல் ஒத்துக்கொண்டது. அன்றே நீதிமன்றம் சட்டத்தை முடக்கியது. பாதிப் படிப்பில் இருந்தவர்களுக்குக் கட்டணம் பல மடங்கானது.

படி 7: ‘ஹிஸ்பானிக் சேவைக் கல்லூரி’ என்ற பலகையை நம்பிவிடாதீர்கள்

முழுநேரக் கணக்கில் இளநிலை மாணவர்களில் 25 சதவீதம் லத்தீனோக்கள் என்றால் ஒரு கல்லூரிக்கு இந்தத் தகுதிக்கு வழி உண்டு. 1986-ல் சான் ஆன்டோனியோவில் தொடங்கிய கல்லூரிக் கூட்டமைப்பு இதற்காகப் போராடியது. 1992-ல் சட்டத்தில் ஏறியது. இப்போது ஏறக்குறைய 600 கல்லூரிகள். எண்ணிக்கையில் நாட்டின் கல்லூரிகளில் ஐந்தில் ஒன்று. ஆனால் லத்தீனோ இளநிலை மாணவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இவற்றில்தான் படிக்கிறார்கள்.

கறுப்பின மக்களுக்கென்றே நிறுவப்பட்ட பழைய கல்லூரிகளைப் போல இவற்றில் பெரும்பாலானவை ஒரு நோக்கத்தோடு பிறந்தவை அல்ல. அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் மாறினார்கள், கல்லூரி தானாக இந்தப் பட்டியலில் வந்து விழுந்தது. ஜீனா ஆன் கார்சியா என்ற ஆய்வாளர் இங்கே முக்கியமான ஒரு கோடு கிழிக்கிறார்: லத்தீனோக்களைச் சேர்ப்பது வேறு, அவர்களுக்குச் சேவை செய்வது வேறு. மறுகரையில் இருப்பவை எல் பாசோவிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் போன்றவை. வளாகத்திலிருந்து பார்த்தால் எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் ஹுவாரெஸ் தெரியும். டயானா நட்டாலிசியோ 1988 முதல் 2019 வரை அதன் தலைவராக இருந்து, ஊர்ப் பிள்ளைகளை வடிகட்டாமலேயே பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகமாக அதை வளர்த்தார். நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸில் 1968-ல் தொடங்கிய ஹோஸ்டோஸ் கம்யூனிட்டி காலேஜோ, புவர்ட்டோ ரிக்கோ மக்கள் கேட்டு வாங்கியது.

2025 செப்டம்பரில் ஒன்றியக் கல்வித்துறை, இன விகிதத்தை வைத்துப் பணம் தருவது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று சொல்லி இந்தக் கல்லூரிகளுக்கான போட்டி நிதியை நிறுத்துவதாக அறிவித்தது. மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்ற, ஹார்வர்டு வழக்கின் 2023 தீர்ப்பு அளவுக்கு இது பேசப்படவில்லை. ஹார்வர்டு வாசலைத் தொடும் லத்தீனோக்கள் ஒரு கைப்பிடி; இங்கே இருப்பவர்கள் லட்சக்கணக்கில்.

படி 8: பலித்த ஒன்றைப் பாருங்கள்

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-ல் தன் கம்யூனிட்டி காலேஜ்களில் ‘ஏசாப்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. புதிய தத்துவம் ஒன்றுமில்லை. முழுநேரம் படிக்க வேண்டும். உதவித்தொகை போக மீதிக் கட்டணத்தைக் கல்லூரி ஏற்கும். பாடப்புத்தகம் இலவசம். ஓர் ஆலோசகருக்கு வழக்கத்தைவிட மிகக் குறைந்த மாணவர்கள் மட்டும். அடிக்கடி அவரைப் பார்த்தே ஆக வேண்டும். வகுப்புகள் வேலைக்குத் தோதாக ஒரே நேரத்தில் அடுத்தடுத்து. அதோடு, மாதாமாதம் சுரங்க ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் மெட்ரோ அட்டையும் கொடுத்தார்கள்.

குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்து ஆராய்ந்தார்கள். மூன்று ஆண்டில் அசோசியேட் பட்டம் வாங்கியவர்கள் திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம், இல்லாதவர்களில் 22. கல்விச் சீர்திருத்த ஆய்வுகளில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அபூர்வம். ஆளுக்கு ஆகும் செலவு கூடுதல்தான். பட்டம் ஒன்றுக்கு ஆகும் செலவைப் பார்த்தால் குறைவு. ஒஹையோவில் செய்து பார்த்தபோதும் ஏறத்தாழ இதே பலன். அந்த மெட்ரோ அட்டைதான் எனக்குப் பிடித்தது. அதை வாங்கிக்கொள்ள ஆலோசகரைச் சந்தித்தாக வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அட்டைக்கு வந்தவரிடம் அவர், “அந்தக் கணக்குப் பாடம் என்ன ஆச்சு?” என்று கேட்காமல் விடுவாரா?

படி 9: இனி நீங்களே ஒரு கல்லூரியை எடுத்துப் பாருங்கள்

அமெரிக்கக் கல்வித்துறையின் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ தளத்தில் எந்தக் கல்லூரியையும் தேடலாம். பட்டம் முடிப்போர் விகிதம் ஒரு தாளில், பெல் உதவித்தொகை பெறுவோர் விகிதம் அதன் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் உயர்வாக இருக்கும் கல்லூரியில் ஏதோ நல்லது நடக்கிறது. முதலாவது உயர்ந்து இரண்டாவது மிகத் தாழ்ந்திருந்தால், அது வசதியான பிள்ளைகளைச் சேர்த்து வசதியான பிள்ளைகளை வெளியே அனுப்பும் இடம். அதில் பாராட்ட அதிகமில்லை. பிறகு லத்தீனோக்களில் பட்டம் முடிப்போரின் விகிதத்தைத் தனியாகப் பாருங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த விகிதத்தில் யார் யார் எண்ணப்பட்டார்கள்? நெடுங்காலமாக அரசின் கணக்கு, முதல்முறையாக, முழுநேரமாகச் சேர்ந்தவர்களை மட்டுமே எண்ணியது. பகுதிநேரமாகச் சேர்ந்தவர்களும் வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர்களும் சேர்ந்த வேறொரு பட்டியல் ஏறக்குறைய பத்தாண்டுக்கு முன்புதான் வந்தது. 6 கிரெடிட்டாகக் குறைத்துக்கொண்டு கடையில் நின்ற நம் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் பெண்ணைப் போன்றவர்களை அங்கேதான் தேட வேண்டும்.